அவருக்குத் தெரியாததா?

ஸ்காட் கிராஸ்ஃபீல்டு என்ற பெயரை எங்கள் ஊர்ப் பக்கம் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் முதன்முதலில் பறந்த மனிதர் என்று சொன்னால் உடனே நிமிர்ந்து உட்காருவார்கள். 1953 நவம்பர் 20 அன்று, பெரிய விமானம் ஒன்றின் வயிற்றிலிருந்து விடுவிக்கப்பட்ட ஸ்கைராக்கெட் என்ற ராக்கெட் விமானத்தில் அதைச் செய்தார். அதற்கப்புறம் எக்ஸ்-15 என்ற இன்னொரு ராக்கெட் விமானம். அதில் 1959 நவம்பரில் பறக்கும்போதே எஞ்சின் வெடித்து, எரிபொருளை முழுதாகக் கொட்டித் தீர்க்க நேரமில்லாமல் பாரத்தோடு தரையிறங்கி, விமானத்தின் முதுகே முறிந்தது. அவர் இறங்கி நடந்து வந்தார். 1960 ஜூனில் தரையில் நிறுத்திவைத்துப் புது எஞ்சினைச் சோதித்தபோது விமானம் வெடித்துச் சிதறியது. அப்போதும் அவர் உள்ளேதான் இருந்தார், அப்போதும் தப்பித்தார். இத்தனையும் பார்த்தவர் 2006 ஏப்ரல் 19 அன்று, ஒற்றை எஞ்சின் வைத்த தன் சொந்த செஸ்னா 210 விமானத்தில், தனியாக, அலபாமாவிலிருந்து வர்ஜீனியாவுக்குப் போகும் வழியில் ஜார்ஜியா மலைக்காட்டின் மேல் இடிமழையில் சிக்கி விழுந்து இறந்தார். வயது 84. இளம் விமானப்படை அதிகாரிகளிடம் பேசிவிட்டு வந்துகொண்டிருந்தார். உடைந்த விமானத்தை மறுநாள்தான் கண்டுபிடித்தார்கள்.

இந்தச் செய்தியை யாரிடம் சொன்னாலும் இரண்டில் ஒன்றுதான் பதிலாக வருகிறது. ஒன்று, ‘84 வயசுல எதுக்குங்க பிளேன் ஓட்டணும்’. இன்னொன்று, ‘விதி, எவ்வளவு அனுபவம் இருந்து என்ன பண்றது’. 2024 ஜூன் 7 அன்று வில்லியம் ஆண்டர்ஸ் இறந்தபோதும் இதையேதான் கேட்டேன். அப்போலோ 8-இல் நிலவைச் சுற்றிவந்து, நிலவின் விளிம்புக்கு மேல் நம் பூமி எழும் அந்தப் புகைப்படத்தை எடுத்தவர். தொண்ணூறு வயதில், டி-34 என்ற பழைய பயிற்சி விமானத்தைத் தனியாக ஓட்டிப் போய், வாஷிங்டன் மாநிலத்தில் சான் ஜுவான் தீவுகளுக்கு அருகே கடலில் விழுந்தார். ஓசூரில் எங்கள் குடியிருப்பில் மாலை நேரம் உட்கார்ந்து பேசுகிறவர்களில் ஒருவர் கைபேசியில் அந்த விமானம் விழும் வீடியோவைக் காட்டி, ‘தொண்ணூறு, தொண்ணூறு’ என்று அந்த எண்ணையே திரும்பத் திரும்பச் சொன்னார். வயது ஒரு காரணமாக இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வயதைச் சொன்னதும் பேச்சு முடிந்துவிடுகிறது, விதி என்றாலும் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உறுத்துவதற்குக் காரணம் கிராஸ்ஃபீல்டு மட்டும் இல்லை. எங்கள் வீட்டிலேயே இந்தக் கேள்வியைக் கேட்டாயிற்று.

## தொப்பூர்

என் பெரியப்பா லாரி டிரைவர். மீசை முளைக்கும் முன்பே கிளீனராகப் போய், அப்புறம் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர். வடக்கே டெல்லி வரைக்கும், கிழக்கே கல்கத்தா வரைக்கும் போகாத ரோடு இல்லை. வயது ஏற ஏற நீண்ட லைனை விட்டுவிட்டு ஓசூர், கோயம்புத்தூர் என்று பக்கத்து லைனுக்கு வந்தார். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே இருக்கிற தொப்பூர் கணவாயை அவர் எத்தனை ஆயிரம் தடவை இறங்கியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. தர்மபுரிக்காரர்களுக்குத் தொப்பூரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கட்டமேடு, இரட்டைப் பாலம் என்ற பெயர்கள் பேப்பரில் வந்தாலே இன்றைக்கு எத்தனை பேர் என்றுதான் முதலில் கண் போகும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்குகிறவர்களைப் பெரியப்பா வாய்விட்டுத் திட்டுவார். பாளையம் டோல்கேட்டைத் தாண்டியதுமே கியரைக் குறைத்துவிடுவார். எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது அவர் பாடம்.

அப்படிப்பட்டவர் வண்டி ஒரு நாள் விடியற்காலையில் இரட்டைப் பாலத்துக்கு முன்னால் பிரேக் பிடிக்காமல் போய், முன்னால் நின்றிருந்த கார்களில் ஏறாமல் இருக்க அவர் ஸ்டீயரிங்கை இடதுபக்க மலைச்சரிவை நோக்கி ஒடித்து, கேபின் நசுங்கி, அங்கேயே போய்விட்டார். காரில் இருந்தவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கிளீனர் பையனுக்குக் கால் முறிவு.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே கேட்டார்கள். ‘இத்தன வருஷ சர்வீஸ் இருந்தும் எப்படிப்பா?’ லாரி ஷெட்டிலிருந்து வந்த அவருடைய சேக்காளிகள்கூட, நியூட்ரலில் விட்டிருப்பாரோ, தூங்கியிருப்பாரோ, வயசாயிருச்சே என்று தயங்கித் தயங்கி இழுத்தார்கள். போலீஸும் வயதைத்தான் முதலில் கேட்டது. பெரியம்மா அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அது இரண்டாவது அடி. மனிதரும் போனார், மனிதரின் பெயரும் போனது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு கிளீனர் பையனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அரூர்ப் பக்கத்துப் பையன், இருபது வயதுகூட இருக்காது, பெரியப்பாவோடு வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. காலில் கட்டோடு படுத்திருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். நானாக எதையும் கேட்கவில்லை, அவனே ஆரம்பித்தான். ‘டோல்கேட் தாண்டினதுலருந்தே பிரேக் லைனர் கருகுற வாசன வந்துச்சுண்ணா. எனக்கு நல்லா அடிச்சுச்சு. டிரைவரண்ணனுக்குத் தெரியாததா, நாம என்னத்தச் சொல்றதுன்னு இருந்துட்டேன்.’

அந்த இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. ஏனென்றால் அவனுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இரண்டாவது அலையில் கொரோனா வந்துபோனதிலிருந்து பெரியப்பாவுக்கு மோப்பமே கிடையாது. மறுபடி கொஞ்சம் வந்தது போல இருந்து போய்விட்டது. அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் புகைந்துகொண்டிருக்கும், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஊசிப்போன சட்னியைத் தொட்டுக்கொண்டு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டார் என்று பெரியம்மா எங்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அது சமையலறையில் நடக்கும் விஷயமாகவே இருந்துவிட்டது, வண்டியோடு அதை யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. பாரம் ஏற்றிய வண்டி இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் டிரம் சூடேறும், லைனர் கருகும், கருகினால் பிடிமானம் குறையும், கடைசியில் பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி கேட்காது. இதில் முதலில் வருகிற சேதி வாசனைதான். புகை அப்புறம்தான் கண்ணாடியில் தெரியும், அதுவும் இருட்டில் தெரியாது. அவர் கியரில்தான் வந்திருக்கிறார். முதல் நாள்தான் ஒரு பட்டறையில் பிரேக் அட்ஜஸ்ட் செய்திருந்தார்கள், ஒரு பக்கம் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டதால் அது உரசிக்கொண்டே வந்திருக்கிறது என்று பிறகு மெக்கானிக் ஒருவர் சொன்னார். இத்தனை வருடமும் தன் மூக்கை நம்பி இறங்கியவருக்கு அன்றைக்கு மூக்கு வேலை செய்யவில்லை. வேலை செய்கிற மூக்கு பக்கத்து சீட்டில் வாய் திறக்காமல் இருந்தது.

## வானத்தில் அந்தப் பையன் யார்

இதற்கப்புறம்தான் கிராஸ்ஃபீல்டின் விபத்தைத் திரும்பவும் எடுத்துப் படித்தேன். தளி ரோட்டில் பெலகொண்டப்பள்ளி விமானத் தளத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் வண்டியை ஓரமாக நிறுத்திச் சின்ன விமானம் ஏதாவது இறங்குமா என்று பார்க்கிற பழக்கம் எனக்கு முன்பே உண்டு. அந்த ஆர்வத்தில் எப்போதோ படித்ததுதான். இந்தத் தடவை படித்தபோது வேறு ஒன்று கண்ணில் பட்டது.

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அந்த விபத்துக்கு இரண்டு காரணங்களைச் சேர்த்துச் சொன்னது. ஒன்று, வழியில் வானிலை எப்படி மாறியிருக்கிறது என்ற புதிய தகவலை விமானி கேட்டு வாங்கவில்லை. இன்னொன்று, தரையிலிருந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், விதிப்படி செய்திருக்க வேண்டிய உதவியைச் செய்யவில்லை, அதாவது மோசமான வானிலையைத் தவிர்த்துப் போக அவருக்கு வழிகாட்டவில்லை. இரண்டும் சேர்ந்துதான் அவரைக் கடும் இடிமழைக்குள் கொண்டு போயிருக்கிறது. அந்த வாசகத்தில் வயதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கடைசி நேரத்தில் வானிலைக்காகத் தெற்கே திரும்ப வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார், அனுமதியும் கிடைத்திருக்கிறது, திரும்ப ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் ரேடாரிலிருந்து காணாமல் போய்விட்டார்.

இடிமழை என்றால் சின்ன விமானத்துக்கு என்ன அர்த்தம் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய பயணிகள் விமானத்தின் மூக்கிலேயே வானிலை ரேடார் இருக்கும், முப்பத்தைந்தாயிரம் அடி உயரம் போலப் பறக்கும், மேகத்தைத் தூரத்திலேயே கண்டு சுற்றிப் போய்விடும். கிராஸ்ஃபீல்டு பதினோராயிரம் அடியில் இருந்தார். அவருடைய செஸ்னா முழுப் பாரத்தோடும் ஆயிரத்து முந்நூறு கிலோ அளவுதான், ஒரு கார் எடை. இடிமேகத்துக்குள் காற்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில்கூட மேலே தூக்கும், பக்கத்திலேயே பலமாகக் கீழே இழுக்கும். சித்திரை மாசத்துக் கோடை மழையில் காவேரிப்பட்டணம், பர்கூர் மாந்தோப்புகளில் ஒரே சாயங்காலத்தில் காயெல்லாம் உதிர்ந்து கிளை முறிந்து கிடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது அந்தக் காற்று தரைக்கு வந்து அடங்கிய பிறகு மிச்சமிருக்கும் வேகம். உள்ளே போய்விட்டால் ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறந்த கை என்றாலும், நேற்று லைசென்ஸ் வாங்கிய கை என்றாலும் செய்ய முடிகிறது கொஞ்சம்தான். போகாமல் இருக்கத்தான் வழி. போகாமல் இருக்க, மழை எங்கே இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

அந்தக் கட்டுப்பாட்டாளர் ஏன் சொல்லவில்லை என்பதற்குள் நான் போகப் போவதில்லை. பேசுவது கிராஸ்ஃபீல்டு என்று அவருக்குத் தெரிந்திருந்ததாகவும் நான் சொல்ல வரவில்லை. கட்டுப்பாட்டாளருக்கு விமானி என்பவர் ஒரு பதிவெண்ணும் ஒரு குரலும்தான். நான் பார்ப்பது வேறு. ரேடியோவில் நிதானமாக, சரியான வார்த்தைகளில், பதற்றமே இல்லாமல் ஒரு குரல் பேசுகிறது. அனுபவசாலியின் குரல் அப்படித்தான் இருக்கும். தடுமாறுகிற குரல் கேட்டால் எதிரில் இருப்பவர் தானாகவே ஒரு வார்த்தை கூடச் சொல்வார். தடுமாறாத குரலுக்கு யாரும் சொல்வதில்லை. பெரியப்பா அன்றைக்கு இறக்கத்தில் பையனிடம் ஏதோ சினிமாக் கதை சொல்லிக்கொண்டு வந்தாராம். வாசனை அடித்தும் அவன் கேட்காமல் இருந்ததற்கு அந்த நிதானமும் ஒரு காரணம் என்றான். ‘அவரு பேசிக்கிட்டே வந்தாரு, ஒண்ணும் இல்லபோலன்னு நெனச்சேன்.’

விமானத் துறை இதை ஒரு காலத்தில் ரத்தம் சிந்தித்தான் கற்றுக்கொண்டது. 1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லாந்து. யுனைடெட் நிறுவனத்தின் டிசி-8 விமானம், 189 பேர். சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகத்தில் கேப்டன் ஒரு மணி நேரம் போல வானத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார். இருபத்தேழாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது பக்கத்திலிருந்த இரண்டு பேருக்கும் தெரியும். சொன்னார்கள், ஆனால் எப்படிச் சொன்னார்கள் என்றால், பெரியவர் மனம் நோகாமல், ஒரு கணக்கு கேட்பதைப் போல, அளவு சொல்வதைப் போல. ‘இப்போது இறங்காவிட்டால் விழுந்துவிடுவோம்’ என்று யாரும் சொல்லவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன, விமானம் ஊருக்குள் விழுந்தது, பத்துப் பேர் செத்தார்கள். முந்தைய வருடம்தான் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்திருந்தார்கள். அங்கேயும் எதிரில் அந்த விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஃப்ளைட் எஞ்சினியர் கேட்டிருக்கிறார், மூத்த கேப்டன் விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டு, எடுத்த ஓட்டத்தை நிறுத்தாமல் போயிருக்கிறார். இதற்குப் பிறகுதான் உடன் இருப்பவர் கேப்டனிடம் எப்படிச் சொல்ல வேண்டும், கேப்டன் அதை எப்படிக் கேட்க வேண்டும் என்று வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். யுனைடெட் 1981-இல் தொடங்கியது, இன்றைக்கு உலகம் முழுக்கக் கட்டாயம். வகுப்பு வைத்த பிறகும் 2010 மே 22 அன்று மங்களூரில் துணை விமானி ‘இறங்க வேண்டாம், மேலே ஏறுங்கள்’ என்று ஒரு தடவைக்கு மேல் சொல்லியும் பத்தாயிரம் மணி நேர அனுபவமுள்ள கேப்டன் இறங்கினார், 158 பேர் போய்விட்டார்கள். அந்தப் பக்கமும் எனக்குத் தெரியும். சொன்னால் கேட்டுவிடுவார்கள் என்ற உத்தரவாதம் கிடையாது.

ஆனால் செஸ்னாவில் சொல்லக்கூட ஆள் இல்லை. பக்கத்து சீட் காலி. பெரிய விமானத்தில் இரண்டு பேர், பின்னால் ஒரு கம்பெனி, அந்தக் கம்பெனிக்கென்று வானிலை பார்க்க ஆள், இத்தனை பேர் சேர்ந்து செய்வதைச் சின்ன விமானத்தில் ஒருவர் செய்கிறார். அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருக்கிறாரோ அவ்வளவுக்குச் சுற்றியிருப்பவர்கள் விலகி நிற்கிறார்கள். தரையிலிருந்து வரும் ஒரு குரல்தான் அவருக்குப் பக்கத்து சீட். அதனால்தான் வாரியம் அந்த இரண்டாவது காரணத்தை எழுதிவைத்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன். செத்துப்போன மனிதர்மேல் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கோப்பை மூடியிருக்கலாம், அது ரொம்பச் சுலபம். அவர்கள் மூடவில்லை. அவர் தவறியதையும் மறைக்காமல் எழுதினார்கள், அவருக்குச் சொல்லப்படாமல் போனதையும் எழுதினார்கள். என் பெரியப்பாவுக்கு அப்படி எழுத யாரும் இல்லை. போலீஸ் எழுதிய ‘அதிவேகம், அஜாக்கிரதை’ என்ற இரண்டு வார்த்தையில் முடிந்துவிட்டது.

கிராஸ்ஃபீல்டிடம் இன்னொரு கதை உண்டு. 1954-இல் எஃப்-100 போர் விமானத்தில் எஞ்சினை அணைக்க வேண்டிய நிலை வந்தது. எஞ்சின் இல்லாமல் அதை இறக்குவது முடியாத காரியம் என்று அதைத் தயாரித்த கம்பெனியின் விமானிகளே நினைத்திருந்த நேரம். அழகாக இறக்கிவிட்டார். இறக்கியவர் அந்த ஓட்டத்திலேயே விமானத்தைக் கொட்டகை வரைக்கும் கொண்டு போகலாம் என்று விட, எஞ்சின் நின்றுபோனதால் பிரேக்குக்கு மிச்சமிருந்த கொஞ்ச அழுத்தமும் அதற்குள் தீர்ந்துபோயிருக்க, விமானம் நேராகப் போய்க் கொட்டகைச் சுவரை இடித்தது. கடினமானதைச் செய்து முடித்தவர் சாதாரண இடத்தில் மாட்டினார். இதைப் பெரியப்பாவிடம் சொல்லியிருந்தால் ரசித்துக் கேட்டிருப்பார். பிரேக் இல்லாமல் போவது எப்படி இருக்கும் என்று அவரிடம் விளக்க வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

## கேட்டிருக்க மாட்டாரா?

அந்தப் பையன்மேல் எனக்கு ஒரு துளிக் கோபம் இல்லை. பெரியம்மாவின் தம்பிக்கு இருக்கிறது. ‘வாசன வந்தும் வாயப் பொத்திக்கிட்டு உக்காந்திருக்கான்’ என்று இன்னமும் சொல்கிறார். கிளீனர் வேலைக்கு வரும் பையன்களுக்கு நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? டீ வாங்கி வா, டயர் தட்டிப் பார், கண்ணாடி துடை, பெரியவர் ஓட்டும்போது குறுக்கே பேசாதே. கடைசியாகச் சொன்னதை அவன் அப்படியே செய்தான். வாசனை வந்தால் என் பேச்சில் குறுக்கிட்டாவது சொல்லு என்று வண்டியில் ஏறிய முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவர் பெரியப்பா. எனக்கு மோப்பம் போய்விட்டது, என் மூக்கு நீதான் என்று அவர் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. இத்தனை வருடம் ஓட்டியவருக்கு நேற்று வந்த பையனிடம் அதைச் சொல்ல மனம் வந்திருக்காது, எனக்கு அது புரிகிறது, புரிந்தாலும் வலிக்கிறது.

அப்பா இதை ஒப்புக்கொள்வதில்லை. ‘அந்தப் பையன் சொல்லியிருந்தாலும் அண்ணன் கேட்டிருக்க மாட்டாரு. போடா, நீ எனக்குச் சொல்ல வந்துட்டியான்னு இருப்பாரு.’ அண்ணனோடு சேர்ந்து வளர்ந்தவர், அவர் சொன்னால் அதில் விஷயம் இருக்கும். ஆனால் நானும் பெரியப்பாவோடு வண்டியில் போயிருக்கிறேன். பள்ளிக்கூட லீவில் ஒரு தடவை பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்தில் போகும்போது, பின்னால் ‘டக் டக்’ என்று ஏதோ தட்டுகிறது பெரியப்பா என்றேன். ‘நீ வாய மூடிக்கிட்டு ரோட்டப் பாரு’ என்று ஒரு சத்தம் போட்டார். போட்டுவிட்டு, அடுத்த வளைவுக்கு முன்னாலேயே ஓரம் கட்டி, லிவரை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய், இரட்டைச் சக்கரத்துக்கு நடுவில் மாட்டியிருந்த கருங்கல்லை நெம்பி எடுத்தார். அப்பாவிடம் இதைச் சொன்னேன். அது நீ, அண்ணன் மகன் மாதிரி, இவன் கிளீனர் என்றார் அப்பா. இருக்கலாம். எனக்குத் தெரிந்த பெரியப்பா முதலில் திட்டுவார், அப்புறம் நிறுத்திப் பார்ப்பார். பாளையத்துக்கும் இரட்டைப் பாலத்துக்கும் நடுவில் ஓரம் கட்ட இடம் இருக்கிறது. திட்டி முடித்து நிறுத்துவதற்கு நேரமும் இருந்தது.